ஐயத்தின் விலை

மத்ரஸாவில் மன்திக் எனும் தருக்கக் கலையைத் தொடங்கும் மாணவனுக்கு முதற் பாடங்களிலேயே நான்கு சொற்கள் கற்பிக்கப்படுகின்றன. ஒரு செய்தியின் இரு பக்கங்களும் உள்ளத்தில் சரிசமமாக நின்றால் அது ஷக்கு. ஒரு பக்கம் சற்றுக் கனத்தால், கனத்த பக்கம் ளன்னு. இலேசான பக்கம் வஹ்மு. மறுபக்கத்திற்குச் சிறிதும் இடமில்லையாயின் அதுவே யகீன். தராசுத் தட்டுகளை மனத்திற் கொண்டு வகுத்த சொற்கள் இவை என்பது கேட்டவுடன் விளங்கும்.

ஆனால் இந்தத் தராசு செய்தியை நிறுக்கிறதே தவிர, செய்தியைச் சுமக்கும் மனிதனை நிறுப்பதில்லை. ஷஅபான் இருபத்தொன்பதாம் நாள் மாலை வானம் மூடிக் கிடக்கிறது என்று வைத்துக் கொள்வோம். பிறை தெரிந்ததா, இல்லையா என்பது ஊர் முழுமைக்கும் ஒரே ஷக்குதான். ஒருவர் இஷாத் தொழுதுவிட்டு, தெரியாவிட்டால் மாதம் முப்பதாகிறது என்று நிம்மதியாகப் படுத்து விடுகிறார். இன்னொருவரோ நள்ளிரவு வரை பத்து ஊர்களுக்குத் தொலைபேசியில் பேசி, வீட்டாரின் உறக்கத்தையும் கெடுத்து, ஸஹருக்குச் சமைப்பதா வேண்டாமா என்று மனைவியை அடுப்படியிலேயே நிறுத்தி வைக்கிறார். ஐயம் ஒன்றே, அதைத் தாங்கும் உள்ளங்கள் இரண்டு. இந்தத் தாங்கும் ஆற்றலை அளக்க இயலுமா?

இயலும் என்று நம்பி மேலை நாட்டு உளநூலார் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து வருகின்றனர். அவர்களுடைய அளவுகோல் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விட்டுவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இத்துறைக்கு வித்திட்டவர் ஒரு பெண்மணி. எல்ஸே ஃபிரெங்கல்-புருன்ஸ்விக் என்பது அவர் பெயர். 1908இல், இன்று உக்ரைனில் இருக்கும் லெம்பர்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, வியன்னாவில் வளர்ந்து, அங்கேயே பட்டம் பெற்றவர். 1938இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபின் நாட்டை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். இவ்வளவு பெரிய வெறுப்பு சாதாரண மனிதர்களின் நெஞ்சில் எப்படிக் குடியேறுகிறது என்பதே அவரையும் அவருடைய தோழர்களையும் வாட்டிய கேள்வி. அடோர்னோ முதலிய மூவருடன் சேர்ந்து அவர் எழுதிய பெருநூல் 1950இல் வெளிவந்தது. அதற்கு ஓராண்டு முன்னதாக, 1949இல், 'தெளிவின்மையைப் பொறுக்காமை' என்றொரு மனப்பண்பு உண்டென்று தனிக் கட்டுரை ஒன்றில் அவர் விளக்கினார்.

அக்கட்டுரை கூறும் சோதனை ஒன்று மிக எளிமையானது. முதலில் ஒரு நாயின் படத்தைக் காட்டுவார்கள். அடுத்தடுத்த படங்களில் அந்த நாய் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போய், கடைசியில் பூனையாகி நிற்கும். இடையிலுள்ள படங்களை நாய் என்றும் சொல்ல முடியாது, பூனை என்றும் சொல்ல முடியாது. பிற இனத்தார் மீது வெறுப்பு மிகுந்தவர்கள் அந்த இடைப்பட்ட படங்களிலும் நாயை விடாமல் பிடித்துக் கொண்டிருந்தார்கள் என்று அவர் கண்டார். தொடக்க நிலைச் சோதனை என்றே அவரும் அதைக் குறிப்பிட்டார். எனினும் அதில் பொதிந்த கருத்து ஆழமானது: கண்முன் மாறும் பொருளை மாறுவதாகக் காண மறுக்கும் உள்ளமும், மனிதரை வெள்ளை கறுப்பு என்று இரண்டே பெட்டிக்குள் அடைக்கும் உள்ளமும் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

பின் வந்தவர்கள் படத்தை விட்டுக் கேள்வித்தாளைக் கையிலெடுத்தனர். 1962இல் ஸ்டான்லி பட்னர் என்பவர் பதினாறு கூற்றுகள் கொண்ட ஒரு பட்டியலை அமைத்தார். புதிதாய் வருவது, சிக்கலாய் இருப்பது, விடையின்றி முரண்பட்டு நிற்பது ஆகிய மூன்றையும் அச்சத்துக்கு உரியனவாகக் காண்பதே இக்குறை என்பது அவர் தந்த இலக்கணம். ஒவ்வொரு கூற்றையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறோம், எவ்வளவு மறுக்கிறோம் என்று எண்ணால் குறிக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் மதிப்பெண் கிடைக்கும். திட்டமான விடை தராத நிபுணரை மதிக்கலாமா என்ற வகையிலான கூற்றும் அப்பட்டியலில் உண்டு. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மதீனாவின் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நாற்பத்தெட்டுக் கேள்விகள் கேட்கப்பட்டபோது முப்பத்திரண்டுக்குத் 'தெரியாது' என்று விடையளித்ததாக ஒரு செய்தி நம் நூல்களில் உண்டு. பட்னருடைய தாளை நிரப்பும் எத்தனை பேர் அந்த இமாமைக் கல்வியிற் குறைந்தவரென்று தள்ளியிருப்பார்களோ!

ஜெர்மானிய அரபு அறிஞர் தாமஸ் பவுவர் இந்த உளவியற் கருத்தை எடுத்து, தனி மனிதனுக்குப் பதிலாக ஒரு நாகரிகத்தின் மீதே பொருத்திப் பார்த்தார். 2011இல் வெளிவந்த அவருடைய நூல் இஸ்லாமிய வரலாற்றைத் தெளிவின்மையோடு இசைந்து வாழக் கற்ற பண்பாட்டின் வரலாறாகக் காண்கிறது. குர்ஆனை ஓதும் முறைகள் பல இருந்தும் அவற்றை ஒன்றாக்கி முடித்துவிடாமல், ஏழென்றும் பத்தென்றும் வகுத்துப் பேணினார்கள். ஒரு வசனத்துக்கு விரிவுரையாளர் பல பொருள் சொன்னால் அதைச் செல்வமாகக் கருதினார்கள். நான்கு மத்ஹபுகளும் ஒன்றையொன்று செல்லும் என்று ஒப்புக்கொண்டன. ஒரே ஒரு பொருள்தான் உண்டு, மற்றவை வழிகேடு என்னும் பிடிவாதம் பிற்காலத்தில், ஐரோப்பாவின் பாதிப்பாலும் அதற்கெதிரான போட்டியாலும் வளர்ந்தது என்பது அவர் வாதம். எல்லா நுணுக்கங்களிலும் அவரோடு நான் உடன்படேன். ஆயினும் நம்மவர்க்கு இது புதுச் செய்தியன்று. கடற்கரை ஊரில் ஷாஃபிஈயாகப் பிறந்த பெண் உள்நாட்டு ஹனஃபிக் குடும்பத்தில் வாழ்க்கைப்படுகிறாள். அஸருக்கு அவள் முந்தி நிற்கிறாள், அவன் பிந்தி நிற்கிறான்; நிழல் ஒரு மடங்கா, இரு மடங்கா என்று எந்த வீட்டிலும் சட்டி பானை உடைந்ததில்லை.

இந்த ஆய்வின் இன்னொரு கிளை மருத்துவத்தின் பக்கம் சென்றது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் லாவால் பல்கலைக்கழகத்தார் 1994இல் இருபத்தேழு கூற்றுகளைப் பிரெஞ்சு மொழியில் அமைத்து, நிச்சயமின்மையைத் தாங்க முடியாமையை அளந்தனர். 2007இல் அது பன்னிரண்டாகச் சுருக்கப்பட்டது. காரணமின்றி ஓயாது கவலைப்படுவோரிடம் இந்த மதிப்பெண் மிகுந்திருக்கக் கண்டனர். வரப்போகும் துன்பத்தைவிட, வருமா வராதா என்பதே சிலரை அதிகம் உருக்குலைக்கிறது. 2016இல் இலண்டனில் நாற்பத்தைந்து பேரை வைத்து நடந்த சோதனை இதைத் துல்லியமாகக் காட்டிற்று. கணினித் திரையிலுள்ள கல்லுக்கடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்னதிர்ச்சி கிடைக்கும். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பென்று இருந்தபோதே அவர்களின் வியர்வையும் கண்மணி விரிவும் உச்சத்தை எட்டின. மன்திக் பாடத்தின் ஷக்கு, இரு தட்டும் சமமாய் நிற்கும் அந்தப் புள்ளி, உடலுக்கே பெருஞ்சுமை என்பது இதனால் தெளிவாகிறது.

நம் முன்னோர் இந்நோயை அறிந்திருந்தனர். வஸ்வாஸ் என்ற சொல்லை அறியாத முஸ்லிம் குடும்பம் இராது. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ ஸைத் அல்-பல்கீ உடல்நலத்தையும் உளநலத்தையும் இணைத்து எழுதிய நூலில், விடாது துரத்தும் எண்ணங்களை மனநோய்களுள் ஒன்றாக வைத்து அதற்குரிய மருத்துவத்தையும் பேசுகிறார். இமாமுல் ஹரமைன் அவர்களின் தந்தையார் அபூ முஹம்மத் அல்-ஜுவைனி வஸ்வாஸைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஹவ்ளின் ஓரத்தில் முழங்கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, ஜமாஅத்தைத் தவறவிட்டு, மீண்டும் கழுவுகின்ற மனிதனைப் பார்த்தவர்கள் அவனை நகையாட மாட்டார்கள். அவன் பாவி அல்லன், நோயாளி. பிக்ஹு அவனுக்கு அளிக்கும் மருந்து ஒரே விதிதான்: உறுதியானது ஐயத்தால் நீங்காது. ஒளு செய்தது உறுதி. முறிந்ததா என்பது ஐயம். ஆகவே ஒளு இருக்கிறது, எழுந்து தொழு. மூன்று ரக்அத்தா நான்கா என்ற மயக்கத்தில் ஷாஃபிஈ மத்ஹபு குறைந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மேலே தொழச் சொல்கிறது. ஹனஃபி மத்ஹபு அடிக்கடி மயங்குபவனை அவன் மனம் சாய்ந்த பக்கமே போகச் சொல்கிறது. இரண்டிலும் நோக்கம் ஒன்றே. ஐயம் தீரும்வரை காத்திராமல், ஐயத்தோடேயே ஒரு செயலை முடிக்க வழி. இத்தகையோருக்குக் கேள்வித்தாள் உதவுமானால், மருத்துவர் அதைப் பயன்படுத்தட்டும். யாருக்கு என்ன நட்டம்?

என் தடை வேறிடத்தில் இருக்கிறது. இந்த அளவுகோல்கள் அனைத்தும் ஒருவனுக்கு உள்ளே எவ்வளவு அரிக்கிறது என்பதை மட்டுமே கேட்கின்றன. அந்த அரிப்பைத் தீர்க்க அவன் யாரைச் சொறிகிறான் என்று கேட்பதில்லை.

ஒரு வீட்டில் மோதிரம் காணவில்லை. எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. குழந்தை எடுத்து எறிந்திருக்கலாம், குளியலறையில் வழுவியிருக்கலாம். தெரியாமல் ஓர் இரவைக் கழிக்க வீட்டுக்காரருக்கு இயலவில்லை. மாலைக்குள் பாத்திரம் கழுவும் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. உளநூலார் குருக்லான்ஸ்கி இதைத்தான், முடிவுக்கு வந்துவிடும் தவிப்பு கிடைத்ததைப் பற்றிக்கொண்டு அப்படியே உறைந்துவிடுகிறது என்று விளக்குகிறார். இன்னொரு மனிதர் இருக்கிறார். தமக்கு வந்த இலாபத்தில் ஒரு பகுதி தூய்மையானதா என்று ஐயம். அவருக்கும் உறக்கமில்லை. மறுநாள் அப்பகுதியை எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்து விடுகிறார். கேள்வித்தாளில் இருவரும் ஒரே மதிப்பெண் பெறுவர். தெளிவின்மையைத் தாங்க முடியாதவர்களே இருவரும். இவ்விருவரையும் ஒன்றாகக் காட்டும் கண்ணாடி எத்தகைய கண்ணாடி?

மறுபுறமும் பாருங்கள். பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் நான்கு மாதமாக விடை அனுப்பவில்லை. இன்னும் இரண்டு இடம் பார்க்கலாம், அவசரம் என்ன என்பது அவர்கள் எண்ணம். முடிவெடுக்காமல் இருப்பது அந்த வீட்டுத் தலைவருக்குச் சிறிதும் உறுத்தவில்லை. பட்னருடைய தாளில் அவர் மிக நல்ல மதிப்பெண் வாங்குவார். இங்கே பெண் வீட்டிலோ, தாய் வாசற்கதவின் ஒவ்வோர் ஓசைக்கும் எழுந்து பார்க்கிறாள். வேறு சம்பந்தம் வந்தாலும் சரி என்று சொல்ல முடியவில்லை. அவர் நிம்மதியாய் இருப்பது அவருடைய பொறுமையினால் அன்று. அவருக்குரிய தவிப்பை இவர்கள் சுமப்பதனால்.

ஆகவே ஐயத்துக்கு ஒரு விலை உண்டு, அதை யாரேனும் கொடுத்தே தீர வேண்டும் என்பதை முதலில் ஒப்புக்கொண்டால், கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடுகிறது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பார்ப்பது நலம். இரண்டும் புகாரியில் உள்ளவை. வழியில் கிடந்த ஒரு பேரீச்சம்பழத்தை அவர்கள் கண்டார்கள். அது ஸதகாப் பொருளாய் இருக்குமோ என்ற அச்சம் இல்லாவிடில் உண்டிருப்பேன் என்ற கருத்தைச் சொல்லி விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு பழம். நூறில் ஒரு பங்கு ஐயம். இருந்தும் தமக்கு வேண்டாமென்றார்கள். மற்றொன்று, அன்னை ஆயிஷா (ரலி) அறிவிப்பது. புதிதாக மார்க்கத்துக்கு வந்தவர்கள் இறைச்சி கொண்டு வந்து தருகிறார்கள், அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொன்னார்களோ இல்லையோ தெரியவில்லை என்று சிலர் முறையிட்டனர். நீங்களே பெயர் சொல்லி உண்ணுங்கள் என்பதாக விடை வந்தது. விசாரிக்கச் சொல்லவில்லை. ஐயத்தின் அளவை மட்டும் பார்த்தால் இறைச்சியில் இருந்ததே பெரிது. ஆனால் பழத்தை விட்டதற்கான விலை தம் நாவினுடையது. இறைச்சியை மறுத்திருந்தால் விலை கொடுப்பவர் யார்? நேற்று வந்து, இன்று அன்போடு ஒரு துண்டு இறைச்சி கொண்டுவந்த அந்த மனிதர்!

உமர் (ரலி) அவர்களுடைய செயல் ஒன்றும் முவத்தாவில் பதிவாகி இருக்கிறது. பயணக் கூட்டம் ஒரு நீர்த்தொட்டியை அடைந்தபோது, இங்கே காட்டு விலங்குகள் நீருண்ண வருமா என்று அம்ரிப்னுல் ஆஸ் (ரலி) தொட்டிக்காரரைக் கேட்டார். உமரோ தொட்டிக்காரரை நோக்கி, அதை எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டுக் கேள்வித்தாள் அவர்கள் கையில் இருந்திருந்தால் எந்த எண்ணைக் குறித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஓய்ந்து வந்த கூட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும். அறிவது தாகத்தைத் தீர்க்காது, கூட்டவே செய்யும் என்று அவர்கள் கண்டிருக்க வேண்டும்.

குற்றவியலில் இதுவே சட்டமாயிற்று. ஐயம் எழுந்தால் தண்டனை விலகும் என்பது எல்லா மத்ஹபுகளும் ஏற்ற விதி. தீர்ப்பளிப்பவனின் தவிப்பைத் தீர்க்கக் குற்றஞ்சாட்டப்பட்டவனின் கை வெட்டப்படலாகாது. மோதிரத்தைத் தொலைத்த வீட்டுக்காரர் வாரந்தோறும் ஜும்ஆவுக்கு வருபவர்தாம்; இந்த விதி காழிக்கு மட்டும் உரியதென்று அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் போலும்.

இனி, மனத்தை மிகவும் உறுத்தும் வழக்குக்கு வருகிறேன். மஃப்கூத் எனப்படும் காணாமற் போனவன். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் என நம் ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து பிழைத்தவை. கப்பலேறிய கணவன் திரும்பவில்லை. கடிதமில்லை, மரணச் செய்தியும் இல்லை. அவள் மனைவியா, விதவையா?

மேலே கண்ட விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். அவன் உயிரோடு இருந்தது உறுதி, இறந்தது ஐயம், உறுதி ஐயத்தால் நீங்காது. எனவே அவன் உயிரோடிருக்கிறான், அவள் அவனுடைய மனைவி. ஹனஃபி இமாம்கள் அவன் வயதொத்தவர்கள் மாண்டு தீரும் காலம் வரை அவளைக் காத்திருக்கச் சொன்னார்கள்; தொண்ணூறு வயது என்று கணக்கிட்டவர்களும் உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தம் பழைய சொல்லில் நான்கு ஆண்டு என்றும், எகிப்திலிருந்து தந்த புதிய சொல்லில் மரணம் உறுதியாகும்வரை என்றும் கூறியுள்ளார்கள். ஹவ்ளின் ஓரத்தில் நின்ற நோயாளியை விடுவித்த அதே விதி இவளைக் கட்டிப் போட்டுவிட்டது. விதியில் பிழையில்லை. முன்னவனிடம் ஐயமும் அவனுடையது, அதைத் துறப்பதன் பயனும் அவனுடையது. இங்கே உறுதியைக் காத்தவர்கள் நூலோர். விலை கொடுத்தவள் அவள். ஐயத்தில் நிதானமாய் நிற்பதை மட்டுமே புகழும் பவுவர் போன்றோருக்கும் இவ்வழக்கை நான் நினைவூட்ட விரும்புவேன்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் வழி வேறு. முறையீடு வந்தபின் நான்கு ஆண்டு. பின்னர் இறந்தவன் மனைவிக்குரிய நான்கு மாதம் பத்து நாள் இத்தா. அதன்பின் அவள் மணந்து கொள்ளலாம். உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பே இதற்கு ஆதாரம். 'தெரியாது' என்று முப்பத்திரண்டு முறை சொல்லத் தயங்காத அதே இமாம், ஒரு பெண்ணின் வாழ்வு தெரியாமையில் கரைவதற்கு எல்லை வகுத்தார் என்பது கவனத்துக்குரியது.

இந்தியாவில் ஹனஃபி உலமாக்களில் தலைசிறந்தவரான மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) 1930களில் 'அல்-ஹீலத்துந் நாஜிஸா' என்ற நூலில் இந்த மாலிகி வழியை எடுத்துக் கொண்டார். கைவிடப்பட்ட பெண்கள் விடுதலைக்கு வேறு வழியின்றி மார்க்கத்தையே துறக்கும் நிலை அப்போது ஏற்பட்டிருந்தது. மதீனாவின் மாலிகி அறிஞர்களுக்கு எழுதிக் கேட்டு, அவர்களுடைய விடைகளைப் பெற்று, தம் மத்ஹபுக்கு வெளியே ஒரு கதவைத் திறந்தார். தம் மத்ஹபைத் துறக்காமலே, அதன் விடை இவ்விடத்தில் போதாது என்று ஒப்புக்கொள்வது எளிதான செயலா? அவர் தம் மீது எடுத்துக்கொண்ட விலை அது.

அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களில் வியட்நாம் போரில் காணாமற் போன விமானிகளின் குடும்பங்களைக் கண்டு பேசி, இத்துயரத்துக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். அடக்கம் செய்யவும் முடியாது, காத்திருப்பதை நிறுத்தவும் முடியாது. அவரும் அதை அளக்கக் கேள்விகள் வகுத்தார். ஆனால் மற்றவர்கள் செய்ததுபோல் குறையை அந்தப் பெண்களின் மனத்தில் தேடவில்லை. நோய் அவர்களிடம் இல்லை, நிலைமையில் இருக்கிறது என்று சொன்னார். இலங்கையில் 2016இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், காணாமற் போனவர் இறந்தார் என்று சொல்லாமல் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழுக்கு வழி செய்தது. இறந்ததாகக் கையெழுத்திட மனம் ஒப்பாத தாயும் மனைவியும், அவ்வாறு பொய் சொல்லாமலே சொத்து, வங்கிக் கணக்கு முதலிய காரியங்களைப் பார்க்க அது உதவுகிறது.

நம் நாட்டின் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் முதற் காரணமாக நிற்பது, கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகளாகத் தெரியாமை. அந்த நான்கு, மாலிகி வழியில் உள்ள அதே நான்குதான். இன்றும் நடப்பிலுள்ள சட்டம் அது. அதில் பலரும் கவனியாத ஒரு சிறு பகுதி உண்டு. இக்காரணத்தின் மீது நீதிமன்றம் தீர்ப்பளித்தாலும் அது அன்றே செல்லுபடியாகாது. ஆறு மாதம் நிற்கும். அதற்குள் அவன் நேரிலோ பிரதிநிதி வாயிலாகவோ தோன்றி, கணவனுக்குரிய கடமைகளைச் செய்ய ஆயத்தமாய் இருப்பதாக நீதிமன்றத்துக்கு மெய்ப்பித்தால், தீர்ப்பு நீக்கப்படும். நான்கு ஆண்டும் ஆறு மாதமும் அவள் சுமக்கிறாள். ஏழாம் மாதத்தில் அவன் வந்து வாசலில் நிற்கலாம் என்ற அபாயத்தை அதற்குமேல் சட்டம் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறது.